அடைக்கலமேரியின் அங்கீகாரமற்ற கருத்து

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் அடைக்கலமேரிக்கு இரண்டு விஷயங்களில் ஒளிவுமறைவு கிடையாது. பன் நேற்றுப் போட்டது என்றால் நேற்றுப் போட்டது என்று சொல்லிவிடுவாள். நாடகம் மோசம் என்றால் மோசம் என்று சொல்லிவிடுவாள். முதலாவதால் அவளுக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். இரண்டாவதால் சேர்ந்தது வேறு.

நாடகம் பார்ப்பதில் அவள் இது அது என்று பார்ப்பதில்லை. கோவில் திருவிழாவில் ஆர்மோனியப் பெட்டியோடு நடக்கும் இசை நாடகம், மாதா கோவில் திருநாளுக்குப் பங்கு இளைஞர்கள் போடும் நாடகம், கல்லூரிப் பிள்ளைகளின் நவீன நாடகம், எதுவானாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் கணவன் பெலிக்ஸுக்கு மேடையில் திரை விலகினாலே கண் மூடிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் ஒருமுறை கூடப் போனவன், கைதட்டல் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து தானும் தட்டிவிட்டு, "நல்ல நாடகம்" என்றான். அதன்பிறகு, "நீ போயிட்டு வா மேரி, வந்து எனக்குச் சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அவள் சொல்லும்போதும் அவன் தூங்குவது தெரிந்த பிறகுதான், வாட்ஸப்பில் நாடகப் பிரியர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த குழுவில் அவள் குரல் பதிவுகள் போடத் தொடங்கினாள்.

அவளுடைய கருத்துகளுக்கு ஒரு ருசி இருந்தது. கல்லூரி நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "கறுப்புச் சட்டை போட்ட புள்ளைக மெதுவா நடந்துச்சுக, திரும்பி நடந்துச்சுக, தரையைத் தடவுச்சுக. எதையோ தொலைச்சிருச்சுக, பாவம். என்னத்தைன்னு கடைசி வரைக்கும் சொல்லலை, சொல்லியிருந்தா நாங்களும் தேடியிருப்போம்" என்றாள். மாதா கோவில் நாடகத்தைப் பற்றி, "சாத்தானா வந்த பையன் பிரமாதம். சம்மனசு வந்து அவனை வெரட்டுனப்ப எனக்கே சங்கட்டமாப் போச்சு" என்றாள். பங்குச் சாமியார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறு வருஷம் அந்தப் பையனையே தேவதூதனாகப் போட்டார். அதுவும் சரிவரவில்லை என்று அவள் சொன்னாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் புதுக்கோட்டைக்குப் போய் 'கண்மாய்க் கண்ணீர்' பார்த்தாள்.

அது ஓர் இசை நாடகம். மாவட்ட நாடகச் சுவைஞர் பேரவையின் தயாரிப்பு. எழுதி, இசையமைத்து, இயக்கி, கண்மாயாகவும் நடித்தவர் பேரவைத் தலைவர், நாடகச் செம்மல் நிலவழகன். ஏதோ ஓர் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு கைகளிலும் நீலப் பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு மேடை நடுவில் நின்றார். ஊரார் கண்மாய்க்குள் குப்பை கொட்டினார்கள்; கண்மாய் பாடியது. கரையை ஒருவன் வெட்டினான், கண்மாய் பாடியது. மழை வந்தது, கண்மாய் மழைக்கு நன்றி சொல்லிப் பாடியது. அதற்கு மழை பதில் பாடியது. மழையாக வந்தவர் பேரவையின் பொருளாளர். பார்வையாளர்களின் கவனம் சிதறாமலிருக்க அரங்கின் கதவுகள் வெளிப்பக்கம் பூட்டப்பட்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அடைக்கலமேரி குரல் பதிவு போட்டாள்.

"கண்மாய்க் கண்ணீர் பார்த்தேன். கண்மாயா நடிச்சவருக்கு நல்ல துணி, நல்ல ஒடம்பு. ஆனா எந்த ஊருலயும் கண்மாய் இம்புட்டுப் பேசி நான் பார்த்ததில்லைங்க. அது பேசுற பேச்சுக்கு ஊர்க்காரன் தூர்த்தது ஞாயந்தான்னு எனக்கே தோணிருச்சு. நடுவுல கரண்டு போயி ஜெனரேட்டர் போட்டாக. அது ஒண்ணுதான் அளவா சத்தம் போட்டுட்டு நிறுத்துனுச்சு. நாடகம்னா என்னன்னு பார்க்கணும்னா வல்லத்திராக்கோட்டை மருதாயி குழு போடுற 'உப்பு வண்டி' பாருங்க. போன வாரம் பொன்னமராவதியில பார்த்தேன். மேடையில வண்டியே கெடையாது. அந்தப் பொண்ணு வெறுங்கையாலயே வண்டியைத் தள்ளுனா, எனக்குத் தோள்பட்டை வலிச்சிருச்சு. ஒரே ஒரு குறை. சாகுற காட்சியில பாட்டு ரொம்ப நீளம். சாகப் போறவ அவ்வளவு நேரம் பாடக்கூடாது, நம்மளும் வீட்டுக்குப் போகணும்ல."

அந்தப் பதிவு குழுவை விட்டுத் தாண்டியது. புதுக்கோட்டை, அறந்தாங்கி எல்லாம் சுற்றிச் சிங்கப்பூர் வரைக்கும் போய், அங்கே வேலை பார்க்கும் இலுப்பூர்க்காரர் ஒருவர் வழியாக மறுபடி பெலிக்ஸுக்கே வந்தது. அவன் அதைக் கேட்டு முடிப்பதற்குள் தூங்கிப்போனான்.

சில நாள் கழித்து, வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் பேக்கரிக்குள் நுழைந்தார். பேரவையின் செயலாளர் வெற்றிசெல்வன் என்று அட்டை சொன்னது. அவரும் சொன்னார்.

"மேடம், நீங்க ஒரு நாடகத்தைப் பத்திக் கருத்துத் தெரிவிச்சிருக்கீங்க."

"ஆமாங்க."

"யாரைக் கேட்டு?"

அடைக்கலமேரி யோசித்துப் பார்த்தாள். "யாரும் கேக்கலைங்க. நானாத்தான் சொன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் வெற்றிசெல்வன், குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்ட திருப்தியோடு. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். நாடகம் பற்றிய கருத்து என்பது மூன்று வகைப்படும்: பாராட்டு, பெரும்பாராட்டு, மௌனம். இவற்றைத் தெரிவிக்கப் பேரவையின் கருத்துரைஞர் அட்டை வேண்டும்.

"மௌனமா இருக்கவுமா அட்டை வேணும்?"

"அதுக்குத்தான் மேடம் முக்கியமா வேணும். அட்டை இல்லாதவர் பேசாம இருந்தா அது வெறுமனே சும்மா இருக்கிறது. அட்டை வச்சிருக்கவர் பேசாம இருந்தா அதுக்குப் பேரு மௌனம்."

அடைக்கலமேரி, "நல்லதுங்க, இனிமே நான் சும்மாவே இருந்துக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அது போதாது என்றார் வெற்றிசெல்வன். சொன்ன கருத்து ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆகவே அவள் ஒருநாள் ரசனைப் பயிற்சி முகாமுக்கு வர வேண்டும். நெறிக்குழு முன்னால் நிற்க வேண்டும். திருத்திய கருத்தை வெளியிட வேண்டும்.

"வராட்டி என்ன செய்வீங்க? ரொட்டி வாங்க மாட்டீங்களா?"

"உங்களை ஒண்ணும் செய்ய முடியாது மேடம்" என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். "ஆனா நீங்க பாராட்டுனீங்களே உப்பு வண்டி, அதைப் பெருவிழாவிலேருந்து எடுத்துருவோம். அங்கீகாரம் இல்லாதவங்க பாராட்டுனா அந்த நாடகத்தோட அங்கீகாரமும் போயிரும். விதி அப்படி."

அடைக்கலமேரிக்கு அப்போதுதான் சுருக்கென்றது. புதுக்கோட்டையில் இருக்கிற ஒரே நல்ல அரங்கம் பேரவையின் கையில் இருந்தது. மாசி மாதம் அங்கே நடக்கும் நாடகப் பெருவிழாவுக்குத்தான் ஊர் ஊராகத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வந்து, பார்த்துப் பிடித்த குழுவுக்கு அங்கேயே தேதி கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த மேடை கிடைக்காத குழுவுக்குப் பங்குனியும் சித்திரையும் வெறும் வெயில் காலம்தான்.

"அந்தப் புள்ளை என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"பாராட்டு வாங்கியிருக்கே" என்றார் வெற்றிசெல்வன். போகும்போது ஒரு பிளம் கேக் துண்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அதைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லாமல் போனார்.

முகாம் பேரவையின் அரங்கத்திலேயே நடந்தது. கீழே இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்றுநராக வந்தவர் நாடகச் செம்மலேதான். நேரில் பார்க்க, கண்மாயைவிடக் கொஞ்சம் சிறியவராக இருந்தார்.

"ரசனை என்பது பொறுப்பு" என்று அவர் தொடங்கினார். "மேடையில் நடிகன் உழைக்கிறான். கீழே இருப்பவன் சும்மா இருக்கலாமா? கூடாது. அவனும் நடிக்க வேண்டும்."

கைதட்டல் முதலில் கற்பிக்கப்பட்டது. மேடையோரம் ஒருங்கிணைப்பாளர் பச்சைக்கொடி தூக்கும்போது தட்ட வேண்டும், இறக்கும்போது நிறுத்த வேண்டும். பிறகு சிரிப்பு. பல் தெரியலாம், சத்தம் கேட்கக் கூடாது. பிறகு கண்ணீர். வந்தால் விடலாம். வராவிட்டால் கைக்குட்டையை எடுக்க வேண்டும். கைக்குட்டை எடுத்தவரிடம் கண்ணீர் எங்கே என்று யாரும் சோதிக்க மாட்டார்கள். கலை நம்பிக்கையில் நடக்கிறது.

அடைக்கலமேரி எழுந்து நின்றாள். "ஐயா, ஒரு சந்தேகம். நாடகம் நல்லா இல்லைன்னா என்ன செய்யணும்?"

நிலவழகன் கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"அம்மா, இந்தப் பேரவை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒன்று நிகழ்ந்ததில்லை. நிகழாத ஒன்றுக்கு எப்படி விதி எழுதுவது?"

மத்தியானம் சாம்பார் சாதம் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெரியவர் தங்க நிற அட்டை மாட்டியிருந்தார். பெரும்பாராட்டு தெரிவிக்கும் தகுதி பெற்றவர் அவர். "சமீபத்துல என்ன நாடகம் பார்த்தீங்க?" என்று அடைக்கலமேரி ஆசையாகக் கேட்டாள்.

"நான் நாடகமெல்லாம் பார்க்கிறதில்லத்தா" என்றார் அவர். "பார்த்தா கருத்துல தப்பு வந்துரும்னு சொல்லியிருக்காக."

சாப்பாட்டுக்குப் பிறகு நெறிக்குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் உட்கார்ந்தார்கள். மழையாக வந்த பொருளாளருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. அடைக்கலமேரியின் குரல் பதிவை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள். ஜெனரேட்டர் பகுதி வந்தபோது பொருளாளர் சிரித்துவிட்டு, அதைத் தும்மலாக மாற்றினார்.

நிலவழகன் எழுந்தார். குரலில் நாடகம் இருந்தது, ஆனால் வலியும் இருந்தது.

"அம்மா, நான் தற்பெருமை பேசுகிறவன் அல்ல. பேரவையின் எல்லா நாடகத்திலும் நானே தலைமைப் பாத்திரம் ஏற்கிறேன். ஏன்? நடிகர் தேர்வுக்குழு என்று ஒன்று இருக்கிறது. அது தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வுக்குழுவின் தலைவர் நான். பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன், இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள், எனக்கு வேண்டாம் என்று. அவர் கேட்கவில்லை. அவர் மிகக் கண்டிப்பானவர். ஆண்டுதோறும் சிறந்த நடிகர் விருதையும் எனக்கே கொடுத்துவிடுகிறார்கள். மறுக்கலாம்தான். மறுத்தால் விருதுக்குழுவின் மனம் புண்படும். அந்த மனத்தை நான் நன்கு அறிவேன்."

"கஷ்டந்தாங்க" என்றாள் அடைக்கலமேரி. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் மோசமாக ஒலித்தது.

தீர்ப்பு சொல்லப்பட்டது. பெருவிழாவின் தொடக்க நாளில் 'கண்மாய்க் கண்ணீர்' மீண்டும் மேடையேறும். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து முழுதும் பார்க்க வேண்டும். முடிந்ததும் மேடைக்கு வந்து, பேரவை எழுதித் தரும் கருத்தை வாசிக்க வேண்டும். வாசித்தால் மருதாயி குழுவுக்கு மூன்றாம் நாள் மேடை உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

மறுநாளே அடைக்கலமேரி வல்லத்திராக்கோட்டைக்குப் போனாள். மருதாயியை அவள் மேடையில்தான் பார்த்திருக்கிறாள். வேஷம் இல்லாமல், நைட்டியும் தோளில் துண்டுமாக, வாசலில் உட்கார்ந்து ஜரிகைப் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தவளை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது. தன் பெயரைச் சொன்னதும் மருதாயியின் கை நின்றது.

"சாகப் போறவ அவ்வளவு நேரம் பாடக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானா?"

"நான்தான் தாயி."

"ஒங்களைத் தேடிக்கிட்டு வந்து நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேங்க்கா. அம்புட்டுக் கோவம். சோறு எறங்கலை. ஆர்மோனியக்காரர்கிட்ட அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுனேன். அவரு, அந்தம்மா சொல்றது சரிதான், என் வெரலும் வலிக்குதுன்னுட்டாரு." மருதாயி பாவாடையைக் கீழே வைத்தாள். "பாட்டைப் பாதியா வெட்டிட்டேன். போன வாரம் போட்டப்ப சனம் அழுதுச்சு. முன்னெல்லாம் அந்த எடத்துலதான் டீ குடிக்கப் போகும்."

அடைக்கலமேரி நடந்ததையெல்லாம் சொன்னாள். தன்னால் அவளுக்கு வந்த கஷ்டத்தைச் சொல்லும்போது குரல் இறங்கியது. "நான் வாசிச்சுட்டுப் போயிர்றேன் மருதாயி. வாயிதானே, எதையோ சொல்லிட்டுப் போகுது."

மருதாயி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்குப் பயமில்லைன்னு சொல்ல மாட்டேங்க்கா. இந்த மேடை போச்சுன்னா பங்குனி போச்சு. என்னை நம்பி ஆறேழு பேரு இருக்காக. ஆனா ஒண்ணு சொல்றேன். அவுக மாலை போட்டு, செம்மல், திலகம்னு எத்தனையோ பட்டம் எனக்கும் குடுத்திருக்காக. ஒண்ணுகூட நான் நம்புனதில்லை. நீங்க என்னையத் திட்டுனது நெசமா இருந்துச்சு. அதனாலதான் தோள்பட்டை வலிச்சிச்சுன்னு சொன்னதையும் நம்புனேன். அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டுத்தான் இந்த மாசம் ஓடுது. அதையும் அழிச்சுட்டு எனக்கு மேடை வாங்கித் தாரேங்கிறீங்க. ஒங்க இஷ்டம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அடைக்கலமேரிக்குக் கோபம் ஏறியது. யார் மேல் என்று பிரித்துப் பார்த்தாள். மருதாயி மேல் கொஞ்சம், பேரவை மேல் கொஞ்சம், வாயிதானே என்று சொன்ன தன் மேல் மிச்சம் எல்லாம்.

பெருவிழாத் தொடக்க நாளில் அரங்கம் நிரம்பியிருந்தது. முன்பகுதியில் அட்டைக்காரர்கள். பின்பகுதியில் திருவிழாக் கமிட்டிக்காரர்களும் பொதுமக்களும். அடைக்கலமேரியை முன்வரிசை நடுவில் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'பாமரப் பெண்ணாகிய நான்' என்று அது தொடங்கியது. கதவுகள் பூட்டப்பட்டன. கண்மாய் பாடியது.

அவள் மனசாட்சிப்படி பார்த்தாள். ஒரு காட்சியாவது நன்றாக இருந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு காட்சி முழுசாக அகப்படவில்லை. முடிவில் கண்மாய் நிரம்பி வழிந்து, ஊரை மன்னித்து, மாவட்ட நிர்வாகத்துக்கு நன்றி சொல்லிப் பாடிச் சாய்ந்தது. பச்சைக்கொடி ஏறியது. கைதட்டல் எழுந்தது. கொடி இறங்கியது.

மேடையில் ஒலிவாங்கியை வெற்றிசெல்வன் பிடித்துக்கொண்டார். "தவறான கருத்துத் தெரிவித்த ஒரு பார்வையாளர், மனம் திருந்தி, இதோ..."

அடைக்கலமேரி மேலே ஏறினாள். விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்தது. இத்தனை வருஷம் நாடகம் பார்த்தவள், கீழே இருப்பவர்கள் மேடையிலிருந்து பார்த்தால் தெரிய மாட்டார்கள் என்பதை அன்றுதான் அறிந்தாள். அது வசதியாக இருந்தது. தாளை நான்காக மடித்து, நீலத் துணியோடு பக்கத்தில் நின்ற நிலவழகனிடம் நீட்டினாள்.

"இது ஒங்க கருத்துங்கய்யா. நீங்களே பெறகு வாசிச்சுக்கங்க. என்னுதை நான் சொல்லிர்றேன்."

பிறகு ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். போன தடவை நான் சொன்னதுல தப்பு இருக்குன்னு பேரவையில சொன்னாக. உண்மைதாங்க. அன்னைக்கு நான் கடைசி வரிசையில, வாசலை ஒட்டி ஒக்காந்திருந்தேன். பாதி வசனம் காதுல விழலை. இன்னைக்கு முன்னுக்க ஒக்காந்து ஒண்ணு விடாமக் கேட்டேன். மன்னிச்சுக்கங்க, அன்னைக்கு நான் கூடுதலாப் புகழ்ந்துட்டேன்."

அட்டைக்காரர்கள் பல்லைக் காட்டலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சத்தமாகவே சிரித்தார்.

"உப்பு வண்டி நல்ல நாடகம். அதைச் சொன்னதுல தப்பில்லை. அதைச் சொன்னதுக்காக அந்தப் புள்ளைக்கு மேடை இல்லைன்னா, இந்த மேடை யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. நல்லா இல்லைன்னு சொல்ல விடாத எடத்துல, நல்லாருக்குன்னு சொல்றதுக்கும் மதிப்புக் கெடையாதுங்க. நன்றி, வாரேன்."

நிகழ்ச்சி நிரலில், 'பார்வையாளர் கருத்து' என்பதற்கு அடுத்து 'கைதட்டல்' என்று இருந்தது. ஒருங்கிணைப்பாளர் பேச்சைக் கவனிக்கிறவர் அல்ல; நிரலைக் கவனிக்கிறவர். அவர் பச்சைக்கொடியைத் தூக்கினார். அட்டைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தட்டினார்கள். வெற்றிசெல்வன் ஓடிப்போய் அவர் கையை மடக்கிக் கொடியை இறக்கினார். முன்வரிசைகள் பட்டென்று நின்றன. பின்வரிசைகளில் நிற்கவில்லை. தங்க அட்டைப் பெரியவரும் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு நிகழ்ச்சியை அவர் முழுதும் பார்த்திருந்தார்.

அன்றைக்கே மருதாயி குழுவின் பெயர் விழாவிலிருந்து எடுக்கப்பட்டது. அடைக்கலமேரி அதை எதிர்பார்த்தாள். அவள் எதிர்பாராதது, அடுத்த நாள் பேரவை வெளியிட்ட செய்திக்குறிப்பு. 'பார்வையாளரையும் பாத்திரமாக்கிய புதுமை. நாடகச் செம்மலின் எழுத்தில், இலுப்பூர் பேக்கரிப் பெண் அச்சு அசலாக எதிர்ப்பாளராகவே நடித்து அரங்கை அதிரவைத்தார்.' அதைப் படித்த பெலிக்ஸ் நெஞ்சில் மாவுக் கையை வைத்துக்கொண்டு, "நீ நடிச்சியா மேரி? எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர்களே வந்துவிட்டார்கள். தலைவர், செயலாளர், புகைப்படக்காரர், ஒரு சால்வை, ஒரு கேடயம். கேடயத்தில் 'சிறந்த எதிர்பாரா நடிகை' என்று பொறித்திருந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நான் நடிக்கலைங்களே" என்றாள் அடைக்கலமேரி.

"நடிச்சதா வச்சுக்குவோம்" என்றார் வெற்றிசெல்வன் இதமாக. "எல்லாருக்கும் நல்லது மேடம். நிறைவு நாள்ல மருதாயி குழுவுக்கே மேடை. கமிட்டிக்காரங்க எல்லாம் அன்னைக்கும் இருப்பாங்க. நீங்க இதை வாங்கிக்கிட்டு ஒரு போட்டோவுக்கு நின்னாப் போதும்."

சால்வை விரிந்தது. அடைக்கலமேரியின் கண்ணெதிரே, சால்வையின் அந்தப் பக்கம், மருதாயியின் பங்குனி நின்றது. அன்றைக்கு மருதாயி கேடயமெல்லாம் கேட்கவில்லைதான். ஆனால் ஆறேழு பேர் வயிறு என்று ஒன்று இருக்கிறது.

"நான் நடிச்சேன்னு ஒத்துக்கிட்டா," அவள் மெல்லக் கேட்டாள், "மருதாயி நல்லா நடிக்கிறான்னு சொன்னதும் நான் நடிச்சதுதானே ஆயிரும்?"

"ஆயிட்டுப் போகட்டுமே மேடம்."

"அப்படி ஆயிருச்சுன்னா, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் எவ நம்புவா? பன்னு புதுசுன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டாக." சால்வையைப் பிடித்து மடித்து, கேடயத்தின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "கொண்டு போங்க. யாருக்காச்சும் கெடைச்சா அவுக சந்தோசப்படுவாக."

வெற்றிசெல்வன் சிவந்துபோய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிலவழகன் கையமர்த்தி, அவரையும் புகைப்படக்காரரையும் காரில் இருக்கச் சொன்னார். அவர்கள் போகும்வரை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தேங்காய்ப் பன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மேடைக் குரலை விட்டுவிட்டு, சாதாரண மனுஷனின் குரலில் கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. நான் எப்படி நடிக்கிறேன்? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அடைக்கலமேரி அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"நீங்க நடிக்கலைங்கய்யா. நின்னுக்கிட்டு, நம்ம நடிப்பை எல்லாரும் பார்க்கிறாகளான்னு பார்க்கிறீங்க. குரல் நல்ல குரல்தான், ஆனா அது எங்களுக்காகப் பாடலை. ஒரே ஒரு எடம் நல்லாருந்துச்சு. கரையை வெட்டுறப்ப ஒங்களுக்கு வசனம் மறந்துபோச்சு. என்ன செய்யிறதுன்னு தெரியாம, பயந்துபோயி, சும்மா நின்னீங்க பாருங்க. அந்த ஒரு நிமிசம் நெசமாவே ஒரு கண்மாயைப் பார்த்தேன். எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு."

நிலவழகனின் கண் கலங்கியது. கைக்குட்டையை எடுக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் கடைசி ரெண்டு வரியை மட்டும் விழா மலரில் போட்டுக்கொள்ளலாமா அம்மா?"

"போடுறதுன்னா முழுசாப் போடுங்க. இல்லைன்னா தொடாதீங்க."

அவர் எழுந்து, சால்வையையும் கேடயத்தையும் தாமே தூக்கிக்கொண்டு போனார். மலரில் எதுவும் வரவில்லை. அந்த அளவில் அது அவருடைய முதல் மௌனம்.

பெருவிழாவின் நிறைவு நாள் அன்றே, வல்லத்திராக்கோட்டையில் அறுவடை முடிந்த வயலில் நாலு கம்பு நட்டு மருதாயி 'உப்பு வண்டி' போட்டாள். அரங்கத்தில் அன்று அந்தப் பேச்சைக் கேட்ட கமிட்டிக்காரர்களில் இரண்டு ஊர்க்காரர்கள் மட்டும் தேடி வந்திருந்தார்கள். மற்றவர்கள் பேரவையைப் பகைத்துக்கொள்ளப் பயந்து வரவில்லை. பங்குனியில் பெரும்பகுதி போனது போனதுதான்.

அடைக்கலமேரி தார்ப்பாயில் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஆர்மோனியம் எழுந்தது. மருதாயி வந்து நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் இலுப்பூர் அக்காவுக்கு வணக்கம் என்று, புதிதாகக் கட்டிய பாட்டு ஒன்றைத் தொடக்கத்தில் பாடினாள். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த பெண் இவள் தோளைத் தொட்டு, "ஒங்களையா சொல்லுது?" என்று வியந்தாள். அடைக்கலமேரிக்கு முகம் சூடானது. பிறகு நாடகம் தொடங்கியது. இல்லாத வண்டி உருண்டது. வெட்டிய பாட்டு நெஞ்சை அறுத்தது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

முடிந்ததும் மருதாயி மூச்சிரைக்க, பாதி அரிதாரத்தோடு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

"எப்படிங்க்கா இருந்துச்சு?"

அடைக்கலமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மொதப் பாட்டை வெட்டு."